டைரக்ட் கொடுத்த வண்டி

ஸ்டாண்டை மடக்காமல் ஓடும் மோட்டார் சைக்கிளைக் கண்டால் நம் ஊர்களில் யாரும் சும்மா போவதில்லை. சென்னை அண்ணா சாலையில் "சார், ஸ்டாண்டு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். கொல்கத்தாவின் பார்க் சர்க்கஸ் முனையில் அதுவே "தாதா, ஸ்டாண்ட்!" என்று ஒலிக்கும். ஹாரனை விடாமல் அழுத்தித் திட்டிக்கொண்டிருந்த ஆள்கூட அந்த ஒரு நொடி கோபத்தை மறந்து, காலடியைக் காட்டிச் சைகை செய்வார்.

சில ஆண்டுகளாக அந்தக் குரல் குறைந்துவருகிறது. மக்கள் மாறிவிடவில்லை, வண்டிகள் மாறிவிட்டன. ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் என்ஜின் தானே அணைந்துவிடுகிறது. பெரிய செலவில்லாத ஒரு சிறு ஸ்விட்ச் அந்த வேலையைச் செய்கிறது.

ஆனால் அதே ஸ்விட்ச்சைப் பணம் கொடுத்து வெட்டிவிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கொல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட்டும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் உள்ள மல்லிக் பஜார், பழைய வண்டி பாகங்களுக்குப் பெயர்போன சந்தை. அதைச் சுற்றியுள்ள கடைகளில் ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், கேடிஎம் அட்வென்ச்சர் என்று மலைக்குப் போகும் வண்டிகள் வந்து நிற்கும். ஸ்டாண்டு ஸ்விட்ச் மக்கர் பண்ணுகிறது என்றால் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "டைரக்ட் கொடுத்துடலாமா?" என்பதுதான். ஸ்விட்ச்சுக்குப் போகும் இரண்டு வயர்களையும் முறுக்கி ஒன்றாக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவதற்குப் பெயர் டைரக்ட். சென்னையிலும் அதே சொல்தான்.

உயிரைக் காப்பதற்காகக் கம்பெனி வைத்ததை, வண்டியை நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களே ஏன் எடுக்கிறார்கள்? அவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களிடம் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஒரு கம்பி எப்படி ஆளைக் கவிழ்க்கிறது

முதலில் அந்த ஸ்டாண்டு செய்யக்கூடிய கேடு. சைடு ஸ்டாண்டு வண்டியின் இடப்பக்கம் இருக்கிறது. மடக்கினால் பின்னோக்கிப் படுத்துக்கொள்ளும். இறக்கினால் செங்குத்து நிலையைத் தாண்டி, சற்று முன்னால் போய் நிற்கும். அப்படி முன்னால் போய் நிற்பதால்தான் நிறுத்திய வண்டி நகர்ந்தாலும் ஸ்டாண்டு சட்டென மடங்குவதில்லை.

இப்போது அதை இறக்கிய நிலையிலேயே வண்டியை ஓட்டுகிறோம். நேராகப் போகும்வரை நுனி தரையைத் தொடாது, ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. இடப்பக்கம் திரும்பும்போது வண்டி இடப்பக்கம் சாய்கிறது, நுனி தரையில் ஊன்றுகிறது. தரை அதைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மடங்கும் திசையும் அதுதானே, மடங்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். சிக்கல் இங்கேதான். முன்னால் நிற்கும் ஸ்டாண்டு பின்னால் மடங்க வேண்டுமானால் செங்குத்து நிலையைக் கடக்க வேண்டும், அந்த நிலையில்தான் அது தரையை நோக்கி மிக ஆழமாக எட்டுகிறது. தரை கீழே இறங்கிக் கொடுக்காது. ஆகவே வண்டி மேலே எழும்ப வேண்டும். கழி ஊன்றித் தாண்டும் வீரர் எழும்புவதுபோல வண்டியின் பின்பகுதி எழும்புகிறது. பின்சக்கரத்தின் மேலிருந்த எடை குறைகிறது, டயரின் பிடி போகிறது, வண்டி படுத்துவிடுகிறது.

வழவழப்பான தார்ச்சாலையில் சில சமயம் நுனி உரசிக்கொண்டே மடங்கிவிடும். டிராம் தண்டவாளத்தின் பள்ளத்திலோ உடைந்த சாலையிலோ மாட்டினால் மடங்காது.

மூன்று கேள்விகள், எட்டு நிலைகள்

இப்படிக் கவிழ்வதைத் தடுக்க வண்டி தன்னிடமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா? கிளட்ச் பிடித்திருக்கிறதா? ஸ்டாண்டு மடங்கியிருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்விட்ச். கியர்பெட்டியில் ஒன்று, கிளட்ச் லீவரின் அடியில் ஒன்று, ஸ்டாண்டு சுழலும் இடத்தில் ஒன்று.

ஒரு செயலுக்கான அனுமதியை வேறொன்றின் நிலையோடு கட்டிப்போடும் இப்படிப்பட்ட ஏற்பாட்டை இங்கே இணைப்பூட்டு என்று அழைப்போம். வாஷிங் மெஷினின் கதவு திறந்திருந்தால் தொட்டி சுழலாததும் இணைப்பூட்டுதான், மெட்ரோ ரயிலின் கதவுகள் மூடாதவரை ரயில் புறப்படாததும் இணைப்பூட்டுதான்.

மூன்று கேள்விகளுக்கும் ஆம், இல்லை என இரண்டிரண்டு விடைகள். ஆக மொத்தம் எட்டு நிலைகள். செல்ஃப் பட்டனை அழுத்தினால் இவற்றில் எதில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும்? பெரும்பாலான வண்டிகளின் விதி இது: நியூட்ரலில் இருந்தால் போதும், மற்ற இரண்டும் எப்படி இருந்தாலும் சரி. கியரில் இருந்தால் கிளட்ச்சையும் பிடித்திருக்க வேண்டும், ஸ்டாண்டும் மடங்கியிருக்க வேண்டும். (நியூட்ரலிலும் கிளட்ச்சைப் பிடிக்கச் சொல்லும் கண்டிப்பான மாடல்களும் உண்டு. அவற்றை இங்கே விட்டுவிடலாம்.)

எண்ணிப் பார்த்தால் நியூட்ரலில் நான்கு நிலைகளும் அனுமதி, கியரில் ஒரே ஒரு நிலை அனுமதி. எட்டில் ஐந்து திறந்திருக்கிறது, மூன்று மூடியிருக்கிறது. ஓடும் என்ஜினுக்கும் ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள்: கியரும் விழுந்து ஸ்டாண்டும் கீழே இருந்தால் உடனே அணை.

இந்த ஐந்து, மூன்று கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இது தேவைப்படும்.

ஸ்விட்ச் எதைப் பார்க்கிறது

ஸ்டாண்டு ஸ்விட்ச் ஸ்டாண்டைப் பார்ப்பதில்லை. பழைய வகையில் அது ஒரு சிறு ஊசி உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று பார்க்கிறது. புதிய வகையில் ஸ்டாண்டோடு சுழலும் காந்தம் பக்கத்தில் வந்துவிட்டதா என்று பார்க்கிறது. உண்மை நிலைக்கும் ஸ்விட்ச் பார்ப்பதற்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. கொல்கத்தா மெட்ரோவில் 2019 ஜூலை 13 மாலை பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் நடந்தது அந்த இடைவெளியின் கொடூரமான உதாரணம். பயணி ஒருவரின் கை கதவில் சிக்கியிருக்கையில் ரயில் புறப்பட்டு அவரை இழுத்துச் சென்றது, அவர் உயிரிழந்தார். கதவு மூடிவிட்டதா என்று பார்க்கும் ஏற்பாட்டுக்கு நடுவிலிருந்த கை தெரியவில்லை.

மோட்டார் சைக்கிளில் அந்த இடைவெளியை உண்டாக்குவது பெரும்பாலும் சேறு. ஸ்டாண்டின் சுழல்முனை வண்டியின் மிகத் தாழ்ந்த பகுதிகளில் ஒன்று. முன்சக்கரம் வாரி இறைக்கும் எல்லாம் அங்கேதான் வந்து அப்புகிறது. கங்கைச் சமவெளியின் வண்டல் மாவுபோல நுண்மையானது. ஈரத்தில் எந்தச் சந்திலும் நுழையும், என்ஜின் சூட்டில் காய்ந்தால் சிமென்ட்டாக இறுகும். ஊசி வகை ஸ்விட்ச்சில் ஊசி அதற்குள் சிக்கி நின்றுவிடும்.

அடுத்தது தண்ணீர். கொல்கத்தாவில் மழைக்காலம் என்பது வண்டி முழங்கால் தண்ணீரில் நீந்தும் காலம். 2025 செப்டம்பர் 23 காலையோடு முடிந்த ஒரே நாளில் சுமார் 250 மில்லிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட தண்ணீர், வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் புகுந்தால் உள்ளேயிருக்கும் செம்பு பச்சை பூத்துவிடும். ஸ்டாண்டு ஸ்விட்ச் வழியே ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம், அந்தப் பச்சைப் படலத்தை உடைத்துக்கொண்டு போகும் வலு அதற்கு இருக்காது. ஸ்விட்ச் நன்றாகவே இருக்கும், கப்ளர்தான் பொய் சொல்லும். "ஸ்விட்ச் போச்சு" என்று முடிவு கட்டும் இடங்களில் பல, கப்ளரைக் கழற்றி காண்டாக்ட் கிளீனர் அடித்தால் தீர்ந்துவிடக்கூடியவை. அதைச் செய்ய அரை மணி நேரம் ஆகும், டைரக்ட் கொடுக்க ஐந்து நிமிடம். வியாபாரம் எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே.

எந்தப் பழுது நல்ல பழுது

ஸ்விட்ச் இரண்டு விதமாகப் பொய் சொல்லலாம். மடங்கிய ஸ்டாண்டைக் கீழே இருக்கிறது என்று சொல்லலாம், அப்போது என்ஜின் அணையும். கீழே இருக்கும் ஸ்டாண்டை மடங்கிவிட்டது என்று சொல்லலாம், அப்போது எதுவும் நடக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. வடிவமைப்பவர்கள் முதல் பொய்யையே விரும்புகிறார்கள். வயர் அறுந்தால், கப்ளர் கழன்றால், என்ஜின் நிற்கும்படி சுற்றை அமைக்கிறார்கள். பழுதானாலும் தீங்கில்லாத பக்கமாகப் பழுதாகு என்ற இந்தக் கொள்கையைப் பழுதிலும் காப்பு என்று சொல்லலாம். ரயில்வே சிக்னல்கள் நூறாண்டுகளுக்கு மேலாக இதைக் கடைப்பிடிக்கின்றன. சுற்றில் வயர் அறுந்தால் சிக்னல் சிவப்புக்குப் போகும்.

கொல்கத்தாவின் ராஷ்பிஹாரி அவென்யூவில் என்ஜின் நின்றால் தீங்கில்லைதான். பின்னாலிருப்பவர் ஹாரன் அடிப்பார், அவ்வளவே. ஆனால் எல்லா இடமும் ராஷ்பிஹாரி அவென்யூ அல்ல. மலைக்குப் போகிறவர்களின் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது, அதில் நியாயம் இருக்கிறது.

சந்தக்ஃபூ ஏற்றத்தில்

கொல்கத்தா வண்டிக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஃபராக்கா அணையைக் கடந்து, மால்டா வழியாகச் சிலிகுரி சேர்ந்து, அங்கிருந்து மனேபஞ்சங் ஏறுகிறார். மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடமான சந்தக்ஃபூ அங்கிருந்து சுமார் 31 கிலோமீட்டர், உயரம் 3,636 மீட்டர். பழைய லேண்ட் ரோவர் ஜீப்புகள் இன்றும் உறுமிக்கொண்டு ஏறும் பாதை அது.

செங்குத்தான ஒரு வளைவு, பாதையெங்கும் உதிரிக் கற்கள். முன்சக்கரத்திலிருந்து தெறித்த கல் ஒன்று ஸ்டாண்டில் பட்டு, அது ஒரு கணம் கீழே தட்டி மேலே போகிறது. ஸ்விட்ச்சுக்கு அந்த ஒரு கணம் போதும். என்ஜின் அணைகிறது. ஏற்றத்தில் வேகம்தான் வண்டியை நிமிர்த்தி வைத்திருந்தது, அது போய்விட்டது. முன்பிரேக்கைப் பிடித்தால் பயனில்லை. ஏற்றத்தில் எடை முழுக்கப் பின்சக்கரத்தின் மேல் சாய்ந்திருப்பதால் முன்சக்கரம் பூட்டியபடியே பின்னோக்கிச் சறுக்கும். (இந்த நேரத்தில் செய்ய வேண்டியது, கிளட்ச்சை விட்டுவிடுவது. கியரில் இருக்கும் என்ஜினே பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். முதல்முறை மலை ஏறுகிறவர்கள் பதற்றத்தில் நேர்மாறாகக் கிளட்ச்சை இறுக்கிப் பிடிக்கிறார்கள்.)

நகரத்தில் காப்பாக இருந்த அதே பழுது இங்கே விபத்தாகிறது. என்ஜின் நிற்பது எப்போதும் பாதுகாப்பானது என்று கம்பெனி எண்ணியது, மலை அதை ஏற்கவில்லை. நம் நண்பர் அடுத்த டீக்கடையில் வண்டியை நிறுத்தி, பிளேடால் வயரைச் சீவி, ஸ்டாண்டு ஸ்விட்ச்சை டைரக்ட் பண்ணிவிடுகிறார். இதுவரை அவர் செய்ததில் பெரிய தவறில்லை.

எட்டு நிலைகளின் கணக்குக்கு இப்போது வருவோம். ஸ்டாண்டு எப்போதும் மடங்கியே இருக்கிறது என்று வண்டி நம்பிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஒரு நிலை திறந்துவிட்டது: கியரில், கிளட்ச் பிடித்து, ஸ்டாண்டு கீழே. ஐந்து இப்போது ஆறு. ஆபத்துதான், ஆனாலும் கிளட்ச் பிடித்திருப்பதால் வண்டிமேல் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் இறக்கத்தில் வண்டி சாய்கிறது. கிளட்ச் லீவரின் நுனி உடைகிறது, அடியிலிருந்த சின்ன ஸ்விட்ச்சும் நசுங்குகிறது. இனிக் கியரில் நின்றுபோனால் செல்ஃப் எடுக்காது, ஒவ்வொரு முறையும் நியூட்ரலைத் தேட வேண்டும். அவர் அதையும் டைரக்ட் பண்ணுகிறார். இதை மட்டும் தனியாகச் செய்திருந்தாலும் திறக்கும் புதிய நிலை ஒன்றுதான்: கியரில், கிளட்ச் பிடிக்காமல், ஸ்டாண்டு மடங்கி. வண்டி ஒரு குதி குதிக்கும், ஆனால் கைப்பிடியை யாரோ பிடித்திருப்பார்கள். ஸ்டாண்டு மடங்கிய வண்டி தானாக நிற்காதே.

இரண்டையும் செய்தால்? ஐந்தோடு ஒன்றும் ஒன்றும் சேர்ந்து ஏழு என்றுதான் யாரும் எண்ணுவார்கள். விடை எட்டு. தனித்தனியே எதுவும் திறக்காத மூன்றாவது நிலை ஒன்று, இரண்டும் சேர்ந்ததால் திறந்துவிட்டது: கியரில், கிளட்ச் பிடிக்காமல், ஸ்டாண்டு கீழே. மேலே ஆளில்லாமல் நிறுத்தி வைத்திருக்கும் வண்டியின் நிலை அது. மலையில் வண்டியை நிறுத்துபவர்கள் சரிவில் உருண்டுவிடாமலிருக்க முதல் கியரில் போட்டு சைடு ஸ்டாண்டு இறக்குவது வழக்கம். ஆக, மூன்றிலும் மோசமான நிலைதான் மலையில் வண்டி நிற்கும் அன்றாட நிலை. சாவி ஆனில் இருந்து, பக்கத்தில் நின்ற சிறுவன் செல்ஃப் பட்டனைத் தொட்டால் வண்டி ஸ்டாண்டைவிட்டுப் பாயும்.

ஒவ்வொரு ஸ்விட்ச்சும் மற்றொன்றின் குறையை மூடிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்தபோது எதுவும் ஆகாததால்தான் இரண்டாவதை எடுக்கத் துணிச்சல் வந்தது.

பந்தய வண்டியில் ஏன் இல்லை

"பந்தய வண்டிகளில் இந்த ஸ்விட்ச்சே கிடையாதே?" என்பது டைரக்ட் தரப்பின் அடுத்த வாதம். உண்மைதான். மோட்டோகிராஸ் வண்டிகளில் ஸ்டாண்டே கிடையாது, வெளியில் ஒரு மேடையில் தூக்கி நிறுத்துவார்கள். காட்டுப் பாதைப் பந்தயங்களுக்கான எண்டுரோ வண்டிகளில் ஸ்டாண்டு உண்டு, ஆனால் அதன் ஸ்பிரிங் வேறு மாதிரி. வண்டியை நிமிர்த்திய கணமே அது தானாக மடங்கிக்கொள்ளும்.

ஐரோப்பியச் சமூகம் 1993-இல் இருசக்கர வண்டிகளின் ஸ்டாண்டுக்கென்றே ஒரு விதிமுறை வெளியிட்டது. அதன் சாரம், ஒன்று ஸ்டாண்டு தானாக மடங்க வேண்டும், இல்லையென்றால் அது இறங்கியிருக்கும்போது என்ஜின் வண்டியை ஓட்டக் கூடாது. எண்டுரோ வண்டி முதல் வழியைத் தேர்ந்தது, நம் சாலை வண்டிகள் இரண்டாவதைத் தேர்ந்தன. சாலை வண்டியின் ஸ்விட்ச்சை எடுத்துவிட்டு ஸ்பிரிங்கை அப்படியே விடுபவர், பந்தய வண்டியைப் பாதி மட்டும் காப்பியடிக்கிறார்.

பந்தயக்காரர்கள் பாதுகாப்பைத் தூக்கி எறிந்தவர்களும் அல்ல. பாறைமேல் மெதுவாக ஏறியிறங்கும் டிரயல்ஸ் போட்டிகளில், ஓட்டுபவரின் மணிக்கட்டோடு கயிற்றால் கட்டிய ஒரு கில் ஸ்விட்ச் கட்டாயம். ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு என்ஜின் அணையும்.

விழுந்த வண்டி, சாய்ந்த வண்டி

இன்னொரு ஸ்விட்ச் சீட்டுக்கு அடியிலோ முகப்புக்குள்ளோ ஒளிந்திருக்கிறது. வண்டி கவிழ்ந்தால் என்ஜினையும் பெட்ரோல் பம்ப்பையும் நிறுத்தும் கவிழ்வு உணரி. வளைவில் வண்டி நன்றாகச் சாயும்போது அது ஏன் என்ஜினை அணைப்பதில்லை என்று பலர் வியப்பதுண்டு.

டேங்க்கின் மேல் ஒரு நூலில் சிறு குண்டைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், சுமார் 22 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போக வண்டி ஏறத்தாழ 30 டிகிரி சாய வேண்டும். அப்போது குண்டு தரையை நோக்கித் தொங்காது. வளைவின் வெளிப்பக்கமாக இழுபட்டு, அதுவும் அதே 30 டிகிரி சாயும். டேங்க்கின் நடுக்கோட்டை விட்டு அசையவே அசையாது. வண்டியோடு போகும் குண்டுக்கு வண்டி நிமிர்ந்தே இருக்கிறது. வண்டி தரையில் படுத்தால் மட்டும் குண்டு ஒரு பக்கமாகச் சரியும். உணரியும் அந்தக் குண்டு போலத்தான் வேலை செய்கிறது. சுமார் 60, 65 டிகிரிக்கு மேல் சரிந்து சில கணங்கள் அப்படியே நின்றால் அணைத்துவிடும்.

பழைய கார்புரேட்டர் வண்டி விழுந்தால் பெட்ரோல் சரியாகப் போகாமல் பெரும்பாலும் தானே நின்றுவிடும். இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப் அழுத்தத்தோடு பெட்ரோலை அனுப்பிக்கொண்டிருக்கும், என்ஜினும் விடாமல் ஓடும். காலின்மேல் வண்டி கிடக்க, பின்சக்கரமும் செயினும் சுழன்றுகொண்டிருக்க, விரல்கள் பக்கத்தில் இருக்கும் காட்சியை யோசித்துப் பார்த்தால் இந்த உணரியைத் தொட யாருக்கும் மனம் வராது.

இதையும் டைரக்ட் செய்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. காரணம் பெரும்பாலும் ஒரு சின்ன அறியாமை. பல வண்டிகளில் விழுந்தபின் சாவியை ஆஃப் செய்து மீண்டும் ஆன் செய்தால்தான் என்ஜின் எடுக்கும். அது தெரியாமல் செல்ஃபை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு, உணரி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். மறுபக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இருபுறமும் பெட்டி மாட்டிய வண்டி விழுந்தால் பெட்டிமேல் சாய்ந்து அரைகுறையாக நிற்கும், உணரி வேலை செய்யும் கோணத்தை எட்டாமலே போகலாம். அப்போது உதவுவது வலதுகைக் கட்டைவிரலின் கில் ஸ்விட்ச் மட்டுமே.

பாஹாநாகாவில் ஒரு பெட்டி

இணைப்பூட்டின் வயரில் கைவைப்பது என்பது எவ்வளவு தூரம் போகும் என்று கொல்கத்தாவுக்கும் தெரியும், சென்னைக்கும் தெரியும். 2023 ஜூன் 2 அன்று ஹவுராவின் ஷாலிமாரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட கோரமண்டல் எக்ஸ்பிரஸ், அன்று மாலை ஏழு மணிவாக்கில் ஒடிசாவின் பாஹாநாகா பஜார் நிலையத்தை நெருங்கியது. நேர்ப்பாதைக்குப் பச்சை சிக்னல். தண்டவாளமோ கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத் தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றிருந்தது. கோரமண்டல் அதில் மோதியது. அந்த விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தண்டவாளம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கு ஒவ்வாத சிக்னல் விழவே கூடாது என்பதுதான் ரயில்வே இணைப்பூட்டின் உயிர். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை அறிக்கை, சிக்னல் சுற்றில் முன்பு எப்போதோ செய்த மாற்றத்தையும், அன்று லெவல் கிராசிங் தடுப்புக்காக நடந்த வயரிங் வேலையையும் காரணமாகக் காட்டியது. அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது. 2022 மே 16 அன்று, அதே கரக்பூர் கோட்டத்தில், ஹவுரா மாவட்டத்தின் பாங்க்ரா நயாபாஜ் நிலையத்தில் தவறான வயரிங்கால் ஒரு ரயில் நினைத்த பாதைக்குப் பதில் வேறு பாதையில் போயிருக்கிறது. அப்போது யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதிலிருந்து பாடம் கற்றிருந்தால் பாஹாநாகா நடந்திருக்காது என்றது அறிக்கை.

மோட்டார் சைக்கிளையும் எக்ஸ்பிரஸ் ரயிலையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். கவனிக்க வேண்டியது, பழைய மாற்றம் ஒன்று சிக்னல் வயர்கள் இருந்த பெட்டிக்குள் சத்தமில்லாமல் இருந்தது என்பதை. இந்த ஆபத்தை அறிந்தே ரயில்வேயில் ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். சிக்னல் கருவியின் இணைப்பைக் கழற்றும் முன் பணியாளர் நிலைய அதிகாரியிடம் எழுத்தில் குறிப்புக் கொடுக்க வேண்டும், வேலை முடிந்து சோதித்தபின் திரும்ப இணைத்த குறிப்பையும் கொடுக்க வேண்டும். இணைப்பு கழன்றிருக்கும் காலம் முழுவதும் அது கழன்றிருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அந்தக் காகிதத்தின் வேலை.

கம்பெனியே கொடுத்த விடை

பாதுகாப்பை நிறுத்திவைக்கும் வசதியைக் கம்பெனிகளும் கொடுக்கின்றன என்பது பலர் கவனிக்காத செய்தி. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகள் எல்லாவற்றுக்கும் இந்தியாவில் ஏபிஎஸ் கட்டாயம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. தாரில் அருமையானது. உதிரிச் சரளையில் கதை வேறு. அங்கே பூட்டிய சக்கரம் சரளையை முன்னால் குவித்துக்கொண்டே போகும், அந்தக் குவியலே வண்டியை நிறுத்த உதவும். ஏபிஎஸ் சக்கரத்தை விட்டுவிட்டுப் பிடிப்பதால் குவியல் சேராது, வண்டி நீண்ட தூரம் ஓடிப்போய் நிற்கும்.

ஆகவே ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் 2020 மாடலில் ஏபிஎஸ்ஸை நிறுத்தும் பட்டன் வைத்தார்கள். அது பின்சக்கரத்துக்கு மட்டும்தான் நிற்கும், முன்சக்கரத்துக்கு நிற்காது. கேடிஎம் 390 அட்வென்ச்சரிலும் ஆஃப்-ரோடு முறை பின்சக்கரத்தை மட்டுமே விடுவிக்கிறது. நிறுத்தியிருக்கும்வரை மீட்டரில் அடையாளம் தெரியும். பல வண்டிகளில் சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால் ஏபிஎஸ் தானாகத் திரும்பிவிடும்.

இந்தப் பட்டனுக்கும் டேப் சுற்றிய வயருக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த வழக்கின் தீர்ப்பு. பட்டன் பாதியை மட்டும் விடுவிக்கிறது, விடுவித்ததைக் கண்ணுக்குக் காட்டுகிறது, தானே காலாவதியாகிறது. டேப் சுற்றிய வயர் முழுவதையும் விடுவிக்கிறது, யாரிடமும் சொல்வதில்லை, வண்டி நான்கு கைமாறினாலும் அங்கேயே கிடக்கிறது.

சந்தக்ஃபூ ஏற்றத்தில் ஸ்டாண்டு ஸ்விட்ச்சை டைரக்ட் செய்தவரிடம் சண்டை போட ஒன்றுமில்லை. வீடு திரும்பும்வரை அது இருக்கட்டும், ஆனால் கைப்பிடியில் கண்ணில் படும்படி ஒரு சிவப்புத் துணி கட்டட்டும், ஊருக்கு வந்ததும் கப்ளரைச் சுத்தம் செய்து பார்க்கட்டும், தீராவிட்டால் புது ஸ்விட்ச் போடட்டும். கிளட்ச் ஸ்விட்ச்சையும் சேர்த்து எடுக்கவே கூடாது. கவிழ்வு உணரியைத் தொடவே கூடாது. அனுமதியில்லாத மாற்றங்களுக்கு, திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது என்பதையும் வண்டியின் உரிமையாளர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், மல்லிக் பஜாரானாலும் சென்னை புதுப்பேட்டையானாலும், டயரையும் பெயின்ட்டையும் பார்ப்பதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமதரையில் வண்டிமேல் உட்கார்ந்து, முன்பிரேக்கை நன்றாகப் பிடித்தபடி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டாண்டை இறக்குங்கள். கிளட்ச்சை முழுக்கப் பிடித்து முதல் கியர் போடுங்கள். என்ஜின் அணைய வேண்டும். பிறகு ஸ்டாண்டை மடக்கி, கியரில் வைத்தபடி, கிளட்ச்சைத் தொடாமல், பிரேக்கை விடாமல் செல்ஃபை ஒருமுறை லேசாகத் தட்டுங்கள். சத்தம் வரக் கூடாது. இரண்டில் எது தவறினாலும் அந்த வயரிங்கில் யாரோ கைவைத்திருக்கிறார்கள், அல்லது ஸ்விட்ச்சே கெட்டிருக்கிறது. விலை பேசுவதற்குமுன் சீட்டையும் டேங்க்கையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.